நிறுவனத்துக்குள் ரகசியம் காப்பது: மென்பொருள் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

நூறு பேர் வேலை செய்யும் நிறுவனம். எல்லோரும் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. எல்லா ஆவணத்தின் தலையிலும் ‘கான்ஃபிடென்ஷியல்’ என்று அச்சிட்டாயிற்று. அப்படியும் ஒரே வருடத்தில் சம்பளப் பட்டியல் ஊழியர்களிடையே சுற்றியது, ஒரு விலைப்புள்ளி போட்டி நிறுவனத்தின் காதுக்குப் போனது. இனி எந்த மென்பொருள் வாங்கலாம், விதிமுறையை எப்படி எழுதலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஒரு வரி: “யாரை நம்புவது என்றே தெரியவில்லை.” உங்கள் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. எல்லோரையும் எல்லாவற்றுக்கும் நம்பினால் தகவல் கசிகிறது. யாரையும் நம்பாவிட்டால் வேலை நடக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறுவனத்தை எப்படி நடத்துவது?

நான் பல வருடங்களாகத் தகவல் பாதுகாப்புத் தணிக்கை பார்க்கிறவன். சட்டம் என் துறை இல்லை. அது குறுக்கிடும் இடங்களில் பொதுவான நிலையை மட்டும் சொல்வேன். உங்கள் நாட்டில் எது செல்லும் என்பதை வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. நான் பார்த்த கசிவுகளில் பெரும்பாலானவை திருட்டு இல்லை. தகவலைப் பார்க்க முறையான அனுமதி இருந்த ஒருவர், அன்றாட வேலையைச் சீக்கிரம் முடிக்கப் பார்த்தபோது நடந்தவை. ஊரறிந்த சம்பவங்களிலும் இதே கதைதான். 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து காவல்துறையிடம், எந்தப் பதவியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒருவர் தகவல் பெறும் உரிமையின் கீழ் கேட்டார். வெறும் எண்ணிக்கை தேவைப்பட்ட கேள்வி. பதிலாக ஓர் எக்செல் கோப்பு தயாராகி, பொது இணையதளத்திலும் ஏறியது. அந்தக் கோப்புக்குள் மறைத்து வைக்கப்பட்ட இன்னொரு ஷீட் இருந்ததை அனுப்பியவர்கள் யாரும் கவனிக்கவில்லை. அதில் சுமார் 9,500 காவலர்கள், ஊழியர்களின் குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி, பணியிடம் எல்லாம் இருந்தன. ஆயுதக் குழுக்களுக்குப் பயந்து, தான் காவலர் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் வாழ்பவர்கள் இருக்கும் இடம் அது. கோப்பு இரண்டரை மணி நேரம்போல இணையத்தில் கிடந்தது, அவ்வளவே போதுமானதாக இருந்தது. அடுத்த ஆண்டு 7,50,000 பவுண்டு அபராதம். பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்தில் 2022இல் நடந்து 2025இல் வெளியே தெரிந்த சம்பவமும் கிட்டத்தட்ட இதுதான்: சுமார் 150 பேரின் விவரம் என்று நினைத்து அனுப்பிய ஷீட்டில் பிரிட்டனில் குடியேற விண்ணப்பித்த 18,000க்கும் மேற்பட்ட ஆஃப்கானியர்கள் இருந்தார்கள்.

இவற்றில் எதிலும் துரோகி கிடையாது. ஹேக்கரும் கிடையாது. எனவே ‘யாரை நம்புவது’ என்று தேடுவதற்கு முன், ‘இந்தக் கோப்பு இந்த ஆளின் மேசைக்கு ஏன் வந்தது’ என்று கேட்கப் பழக வேண்டும். பிரிட்டனின் வருவாய்த் துறை 2007இல் இரண்டு குறுந்தகடுகளைத் தொலைத்தது நினைவிருக்கலாம். 2.5 கோடிப் பேரின் விவரங்கள், வங்கிக் கணக்கு எண்களோடு. அந்த விவரங்களைக் கேட்டிருந்த அரசுத் தணிக்கை அலுவலகம் கேட்டது அதில் ஒரு பகுதியைத்தான். வங்கி விவரம் வேண்டாம் என்றே சொல்லியிருந்தது. தனியாகப் பிரித்தெடுத்தால் கூடுதல் செலவாகும் என்று முழுவதையும் தகட்டில் எழுதி உள் தபாலில் போட்டுவிட்டார்கள். தகடு போய்ச் சேரவில்லை. துறைத் தலைவர் பதவி விலகினார். தபாலில் தொலைந்தது ஒரு விபத்து, சரி. தொலைந்த பொருளுக்குள் இத்தனை இருந்தது மட்டும் முன்கூட்டியே எடுத்த முடிவு.

இனி உங்கள் ‘கான்ஃபிடென்ஷியல்’ முத்திரைக்கு வருகிறேன். எல்லா ஆவணத்திலும் அது இருக்கிறது என்றால், அந்த முத்திரைக்கு இப்போது எந்த வேலையும் இல்லை. விடுமுறைப் பட்டியலிலும் விலைப்புள்ளியிலும் ஒரே சொல் இருந்தால், படிப்பவர் இரண்டையும் விடுமுறைப் பட்டியல் போலத்தான் நடத்துவார். வியட்நாம் போர் பற்றிய அரசின் ரகசிய ஆய்வைப் பத்திரிகைகள் வெளியிட்டதால் எழுந்த பென்டகன் ஆவணங்கள் வழக்கில் 1971இல் அமெரிக்க நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் இதையே எழுதினார்: எல்லாமே ரகசியம் என்று வகைப்படுத்தினால் எதுவுமே ரகசியமில்லை, அலட்சியக்காரர்கள் அந்த ஏற்பாட்டை மதிக்க மாட்டார்கள், தங்களைக் காத்துக்கொள்ள நினைப்பவர்கள் அதைத் தங்களுக்கு ஏற்றபடி வளைப்பார்கள். இரண்டாவது பகுதியை நிறுவனங்கள் அதிகம் யோசிப்பதில்லை. ‘இது ரகசியம்’ என்ற சொல்லைத் தங்கள் தவறுகளின் மேல் போர்த்திக்கொள்ளும் மேலாளர்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் கேள்வி கேட்க முடியாதபடி ஒரு தோல்வியைப் பூட்டி வைக்க அதைவிட வசதியான சொல் இல்லை.

அதனால் என் முதல் ஆலோசனை, ரகசியங்களைக் குறையுங்கள். மூன்று நிலை போதும்: வெளியே போகலாம், உள்ளே எல்லோரும் பார்க்கலாம், பெயர் குறித்த சிலர் மட்டும் பார்க்கலாம். பிரிட்டிஷ் அரசாங்கமே 2014 ஏப்ரலில் தன் பழைய நீண்ட வரிசையைக் கைவிட்டு மூன்று நிலைக்கு வந்துவிட்டது. நூறு பேர் நிறுவனத்துக்கு ஐந்து நிலை வைத்தால், மூன்றாவதற்கும் நான்காவதற்கும் என்ன வித்தியாசம் என்று அதை எழுதியவருக்கே ஆறு மாதத்தில் மறந்துவிடும். முத்திரையின் வாசகத்தையும் மாற்றுங்கள். ‘ரகசியம்’ என்றால் படிப்பவர் என்ன செய்ய வேண்டும்? யாருக்கும் காட்டக் கூடாதா, தன் குழுவுக்குக் காட்டலாமா, வாடிக்கையாளருக்கு அனுப்பலாமா? சைபர் பாதுகாப்புக் குழுக்கள் தங்களுக்குள் எச்சரிக்கைகளைப் பரிமாறும்போது போக்குவரத்து விளக்கு போன்ற ஒரு வண்ண முறையைப் பின்பற்றுகிறார்கள். சிவப்பு என்றால் நேரடியாகப் பெற்ற ஆளோடு நிற்க வேண்டும். ஆம்பர் (மஞ்சள்) என்றால் நிறுவனத்துக்குள்ளும் அதன் வாடிக்கையாளர்களிலும் தேவைப்படுவோருக்கு. பச்சை என்றால் அந்தத் துறை வட்டாரத்துக்குள். கடைசி நிலைக்குக் கட்டுப்பாடு இல்லை. தகவல் எவ்வளவு முக்கியம் என்று அந்த வண்ணம் சொல்வதில்லை. யாரிடம் சொல்லலாம் என்று மட்டும் சொல்கிறது. உங்கள் முத்திரையும் அப்படி ஒரு வாக்கியமாக இருக்கட்டும்: “விலைக் குழுவில் உள்ள நால்வருக்கு மட்டும், டெண்டர் திறக்கும் நாள் வரை.”

அந்த ‘நாள் வரை’ என்பதை வேண்டுமென்றே சேர்த்தேன். ரகசியத்துக்கு ஆயுள் உண்டு. விலைப்புள்ளி டெண்டர் திறக்கும் நிமிடம் வரை தங்கம், அதற்குப் பிறகு பல இடங்களில் பொதுத் தகவல். காலாண்டு முடிவுகள் அறிவிக்கும் வரை ரகசியம். ஊழியரின் மருத்துவச் சான்று எப்போதும் ரகசியம். காலாவதி தேதி போடாத நிறுவனத்தில் பழைய ரகசியங்கள் மலைபோலச் சேர்ந்து, புதியவற்றின் மேல் இருக்க வேண்டிய கவனத்தைத் தின்றுவிடும். அப்புறம், ஒவ்வொரு ரகசியத் தொகுப்புக்கும் ஓர் உரிமையாளர் வேண்டும். ‘எச்.ஆர். துறை’ என்பது உரிமையாளர் இல்லை. ஒரு பெயர் வேண்டும். யாருக்கு அனுமதி கொடுப்பது, எப்போது எடுப்பது, எப்போது அழிப்பது என்று அந்த ஆள்தான் முடிவெடுப்பார். ஐடி துறை அந்த முடிவைச் செயல்படுத்தும், அவ்வளவுதான். நிறைய இடங்களில் ஐடி ஆளே முடிவும் எடுக்கிறார், ஏனென்றால் வேறு யாரும் எடுப்பதில்லை. பாவம், அந்தப் பொறுப்பு அவருடையது என்று அவருக்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அனுமதி விஷயத்தில் துறைக்குள் கருத்து வேறுபாடே இல்லாத ஒரு விதி இருக்கிறது. ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் இருவரும் கணினிப் பாதுகாப்பு பற்றி 1975இல் எழுதிய கட்டுரையில் வரும் விதி: வேலையைச் செய்யத் தேவையான குறைந்தபட்ச அனுமதி மட்டுமே ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டும். இதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே கட்டுரையில் இன்னொரு விதியும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை: பாதுகாப்பு ஏற்பாடு பழகுவதற்கு எளிதாக இருக்க வேண்டும், அப்போதுதான் மக்கள் யோசிக்காமலே அதைச் சரியாகப் பயன்படுத்துவார்கள். என் அனுபவத்தில் இரண்டாவதை மீறியதால்தான் முதலாவது உடைகிறது. ஒரு ஃபோல்டரில் அனுமதி வாங்க மூன்று நாள், இரண்டு கையெழுத்து என்று வைத்தால், அனுமதி உள்ளவர் கோப்பை இறக்கி வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடுவார். அவர் கெட்டவர் இல்லை, மாலைக்குள் வேலை முடிய வேண்டும். அனுமதி கேட்டால் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் என்ற நிலையை உருவாக்குவது, பத்துப் பக்க விதிமுறையைவிட அதிகம் காப்பாற்றும்.

அனுமதி கொடுப்பது எல்லோருக்கும் தெரியும், திரும்ப எடுப்பதுதான் மறந்துபோகும். ஒருவர் கணக்குப் பிரிவில் சேர்கிறார், பிறகு கொள்முதலுக்கு மாறுகிறார், பிறகு விற்பனைக்கு. ஒவ்வோர் இடத்திலும் புதுச் சாவி கிடைக்கிறது, பழையதை யாரும் திருப்பி வாங்குவதில்லை. பத்து வருடம் விசுவாசமாக இருந்தவரின் சாவிக்கொத்து முதலாளியுடையதைவிடக் கனமாக இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு உரிமையாளரும் தன் ஃபோல்டரைத் திறந்து, உள்ளே யார் யார் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை வாசித்தாலே போதும். ‘இவர் எதற்கு இங்கே?’ என்ற கேள்வி தானாக வரும். கிளவுட் சேமிப்பில் ‘லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்’ என்று பகிர்ந்தவற்றை அதே நாளில் தேடி மூடுங்கள். தணிக்கையில் நான் முதலில் பார்க்கும் இடம் அதுதான், வெறுங்கையோடு திரும்பியது அபூர்வம்.

ரகசியம் தெரிந்தவர்கள் பட்டியலைப் போடும்போது பதவிகளை மட்டும் எழுதாதீர்கள். உதவியாளர், ஜெராக்ஸ் எடுப்பவர், மொழிபெயர்ப்பவர், வெளித் தணிக்கையாளர், காலண்டரைப் பார்த்துக்கொள்பவர் எல்லோரும் அதில் வர வேண்டும். கோகோ கோலாவின் தலைமையகத்தில் 2006இல் ஆவணங்களையும் புதிய பானத்தின் மாதிரியையும் வெளியே எடுத்துச் சென்றது ஒரு நிர்வாகியின் உதவியாளர். விற்க முயன்றது பெப்சியிடம். பெப்சி அந்தக் கடிதத்தை நேராகக் கோகோ கோலாவிடமே கொடுத்துவிட்டது, பிறகு எஃப்பிஐ வந்தது, அவருக்கு எட்டு வருடச் சிறை. உதவியாளர்களைச் சந்தேகியுங்கள் என்று நான் சொல்லவில்லை. நிர்வாகிக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவும் உதவியாளருக்கும் தெரியும். பயிற்சி, சம்பளம், எச்சரிக்கை எல்லாம் மட்டும் நிர்வாகிக்கே போகிறது. அந்த ஏற்றத்தாழ்வு தெரியாமல் ரகசியத் திட்டம் போட முடியாது.

உங்கள் விலைப்புள்ளி விஷயத்தில் ஒன்று கேட்க வேண்டும். அந்த டெண்டருக்காக வெளியிலிருந்து துணை விலைகள் வாங்கினீர்களா? வாங்கியிருந்தால், அதே சப்ளையர் உங்கள் போட்டியாளருக்கும் விலை கொடுத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. என்ன அளவு கேட்டீர்கள், எந்த மாடல் கேட்டீர்கள் என்பதை வைத்தே அனுபவம் உள்ள ஒருவர் உங்கள் மொத்த விலையை ஓரளவு கணக்குப் போட்டுவிடுவார். ஆகவே ஊழியரைப் பிடிப்பதற்கு முன் அந்தப் பாதையைப் பாருங்கள். விலை தயாரிக்கும்போது அடக்கச் செலவைக் குழு கணக்கிடட்டும்; லாப விகிதத்தை இரண்டே பேர் கடைசி நேரத்தில் சேர்க்கட்டும். விலைத் தொழிலில் இது பழைய பழக்கம். குழுவில் யாரும் நம்பத்தகாதவர் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கசிந்தாலும் பாதிதான் கசியும், தவிர குழுவில் உள்ளவர்கள் மேல் சந்தேகமும் விழாது. தெரியாமல் இருப்பது சில நேரம் ஊழியருக்கே பாதுகாப்பு. இதைச் சொல்லிச் செய்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, சொல்லாமல் செய்தால்தான் புகைச்சல்.

சம்பளப் பட்டியல் வேறு விஷயம். இதில் இரண்டைப் பிரிக்க வேண்டும். நூறு பேரின் சம்பளம் உள்ள ஒரு கோப்பு வெளியே வருவது கசிவு. ஓர் ஊழியர் தன் சம்பளத்தை இன்னொருவரிடம் சொல்வது கசிவே இல்லை. அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம், பெரும்பாலான தனியார் துறை ஊழியர்கள் தங்களுக்குள் சம்பளம் பற்றிப் பேசும் உரிமையைக் காக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சம்பள வெளிப்படைத்தன்மைக்கென்றே ஓர் ஆணை கொண்டுவந்தது. உங்கள் ஒப்பந்தத்தில் ‘சம்பளம் பற்றிப் பேசக் கூடாது’ என்று ஒரு வரி இருந்தால், அது செல்லுமா என்று முதலில் விசாரியுங்கள். செல்லுபடியாகும் நாடாக இருந்தாலும் நான் அதை எடுத்துவிடவே சொல்வேன், ஏனென்றால் எல்லோரும் மீறும் ஒரு விதி மற்ற விதிகளின் மதிப்பையும் குறைக்கும். கோப்பு விஷயத்துக்கு வந்தால், அதன் பிரதிகளை எண்ணிப் பாருங்கள். சம்பள மென்பொருளில் ஒன்று. வங்கிக்கு அனுப்பும் கோப்பு ஒன்று. மேலாளருக்கு ஒப்புதலுக்காக மின்னஞ்சலில் ஒன்று, அவர் இறக்கி வைத்ததில் இன்னொன்று, பிரின்டர் தட்டில் மறந்துபோன தாள்கள், தணிக்கையாளருக்குப் போன பென்டிரைவ். மாதம் ஒருமுறை ஆறு பிரதி உருவானால் வருடத்துக்கு எழுபத்திரண்டு. மூலக் கோப்புக்குப் பாஸ்வேர்டு போடுவதைவிட, பிரதியே உருவாகாத ஒரு வழியை, அதாவது ஒரே இடத்தில் வைத்து அங்கேயே பார்த்து அங்கேயே ஒப்புதல் தருவதை ஏற்படுத்துவது மேல்.

கோப்பை வெளியே அனுப்பும் தருணத்துக்கு மட்டும் கொஞ்சம் கறாரான பழக்கங்கள் வேண்டும். எக்செலை அப்படியே அனுப்பாமல், தேவையான வரிசைகளை மட்டும் புதுக் கோப்பில் மதிப்புகளாக ஒட்டி அனுப்புங்கள்; மறைத்த ஷீட், மறைத்த வரிசை, பிவட் அட்டவணைக்கு (எக்செல் தானாகத் தொகுத்துத் தரும் சுருக்க அட்டவணை) பின்னால் ஒளிந்திருக்கும் மூலத் தரவு எதுவும் கூட வராது. பிடிஎஃப்பில் கறுப்புப் பட்டை வரைந்தால் எழுத்து அழியாது, பட்டைக்கு அடியில் அப்படியே இருக்கும். 2019 ஜனவரியில், டிரம்பின் முன்னாள் தேர்தல் பிரசாரத் தலைவர் பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் அப்படி ஒரு மனுவைத் தாக்கல் செய்தார்கள். நிருபர்கள் காப்பி செய்து வேறிடத்தில் ஒட்டிப் படித்துவிட்டார்கள். பலருக்கு ஒரே மின்னஞ்சல் என்றால் முகவரிகள், ஒருவருடையது இன்னொருவருக்குத் தெரியாத பிசிசி கட்டத்தில்தான் இருக்க வேண்டும். அதிலும் அந்தரங்கமான விஷயம் என்றால் பிசிசியை நம்பாமல், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் கருவியைப் பயன்படுத்துங்கள். லண்டனில் 2015இல் ஒரு பாலியல் நல மருத்துவமனை, எச்ஐவி சிகிச்சை பெறுவோர் உட்பட சுமார் 780 பேருக்குப் போன செய்திமடலில் எல்லா முகவரியையும் திறந்த கட்டத்தில் போட்டுவிட்டது. ஒரு கட்டத்துக்குப் பதில் இன்னொரு கட்டம், அவ்வளவுதான் நடந்த தவறு.

புதிதாகச் சேர்ந்த பாதை ஏஐ கருவிகள். 2023இல் சாம்சங் ஊழியர்கள் மூல நிரலைச் சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரியவந்து, நிறுவனம் தன் கருவிகளில் இத்தகைய செயலிகளுக்குத் தடை போட்டது. தடை எவ்வளவு நாள் நிற்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. கைப்பேசியில் இருக்கும் ஒன்றை அலுவலகக் கணினியில் மட்டும் தடுத்தால், திரையைப் படம் பிடித்து வேலையை முடிப்பார்கள். நிறுவன ஒப்பந்தத்தோடு, உள்ளிடும் தரவைப் பயிற்சிக்கு எடுக்காத ஒரு கருவியை நீங்களே வாங்கிக் கொடுத்து, மேலே சொன்ன மூன்றாம் நிலைத் தகவலை மட்டும் அதிலும் போடக் கூடாது என்று சொல்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

ரகசியக் காப்பு ஒப்பந்தம் பற்றிக் கொஞ்சம். அது கசிவைத் தடுக்காது. கசிந்த பிறகு நீதிமன்றத்தில் நிற்க ஒரு காலைக் கொடுக்கும். அந்தக் காலுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கையின் 39ஆவது பிரிவு, 1995 முதல் உறுப்பு நாடுகளுக்குப் பொதுவான அளவுகோல் ஒன்றை வைக்கிறது: தகவல் பொதுவாகத் தெரிந்ததாக இருக்கக் கூடாது, ரகசியமாக இருப்பதால் அதற்கு வணிக மதிப்பு இருக்க வேண்டும், அதை ரகசியமாக வைக்க உரிமையாளர் நியாயமான நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். மூன்றாவதைக் கவனியுங்கள். நூறு பேரும் திறக்கக்கூடிய ஃபோல்டரில் விலைப்புள்ளியை வைத்துவிட்டு, அது எங்கள் வணிக ரகசியம் என்று வாதாடினால் எதிர்த் தரப்பு வக்கீலுக்கு நல்ல நாள். எல்லாத் தகவலும் ரகசியம் என்று எழுதிய ஒப்பந்தமும் அதே காரணத்தால் பலவீனமானது. இன்னொன்று: சட்டமீறலைப் பற்றி அதிகாரிகளிடம் புகார் செய்வதை எந்த ஒப்பந்தத்தாலும் தடுக்க முடியாத நாடுகள் நிறைய. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு ஆணையும், அமெரிக்காவின் 2016ஆம் ஆண்டு வணிக ரகசியச் சட்டமும் அத்தகைய ஊழியர்களுக்குப் பாதுகாப்பு தருகின்றன. உள்ளேயே பயமில்லாமல் புகார் சொல்ல ஒரு வழி இருந்தால், பாதிப் பேர் வெளியே போக மாட்டார்கள். அது இல்லாத இடத்தில் வெளியே போனவரைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆள் வேலையை விட்டுப் போகும் நேரம் உண்மையிலேயே ஆபத்தான நேரம். இதில் சந்தேகமே இல்லை. கூகுளின் தானியங்கி கார் பிரிவில் இருந்த ஆன்டனி லெவண்டோவ்ஸ்கி 2016 ஜனவரியில் விலகுவதற்குச் சில வாரங்கள் முன்பு சுமார் 14,000 கோப்புகளை இறக்கிக்கொண்டார் என்பது வழக்கு. பிறகு அவர் ஊபருக்குப் போனார். கூகுள் குழுமத்தின் வேமோ வழக்குப் போட்டு, 2018இல் சுமார் 24.5 கோடி டாலர் மதிப்புள்ள ஊபர் பங்குகளோடு சமரசமானது. 2020இல் ஒரு கோப்பைத் திருடிய குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டார். விஷயம் வெளியே வந்ததில் ஒரு வேடிக்கை: ஊபருக்குப் போக வேண்டிய சர்க்யூட் வரைபட மின்னஞ்சலில் ஒரு சப்ளையர் வேமோ ஊழியரையும் தவறுதலாகச் சேர்த்துவிட்டார். கூகுளிடமே இறக்கத்தின் பதிவு இருந்தது, பார்க்கத்தான் அப்போது யாரும் இல்லை. ராஜினாமா கடிதம் வந்த அன்றே, முந்தைய ஒரு மாதத்தில் அவர் இறக்கியவற்றின் பட்டியலை உரிமையாளர் பார்க்கட்டும். கடைசி நாளில் எல்லா அனுமதியும் ஒரே நேரத்தில் மூடட்டும். வாட்ஸ்ஆப் குழுக்கள், பகிர்ந்த பாஸ்வேர்டுகள், சொந்த மின்னஞ்சலுக்குப் போட்ட ஃபார்வர்டு விதி உட்பட. விடைபெறும் பேச்சில் மிரட்டாமல், எதை எடுத்துப் போகலாம், எதைக் கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். தன் திறமையும் அனுபவமும் அவருடையவை. வாடிக்கையாளர் பட்டியல் உங்களுடையது. இந்தக் கோடு எங்கே என்று தெரியாமலே தவறு செய்பவர்கள் அதிகம்.

இதுவரை சொன்னவற்றில் நான் உறுதியாக இருக்கிறேன். இனி அவ்வளவு உறுதி இல்லாதவை. கோப்பு வெளியே போவதைக் கண்டுபிடித்துத் தடுக்கும் மென்பொருள்கள் நன்றாக வேலை செய்வது, எது முக்கியம் என்று ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கும் இடங்களில்தான். பிரிக்காத இடத்தில் நாளுக்கு நூறு எச்சரிக்கை அடித்து, ஒரு மாதத்தில் யாரோ அதை மௌனமாக்கிவிடுவார்கள். வருடம் ஒருமுறை நடத்தும் பயிற்சி வகுப்பு எவ்வளவு நடத்தையை மாற்றுகிறது என்பதில் எனக்கு ஐயம் உண்டு. புதிதாகச் சேர்பவருக்கு, அவர் கையாளப் போகும் கோப்பையே காட்டி அரை மணி நேரம் பேசுவது அதைவிட மேல் என்று தோன்றுகிறது. அளந்து பார்த்ததில்லை, பார்த்து வந்த உணர்வுதான். ஊழியரின் திரையை முழு நேரமும் பதிவு செய்வது எனக்குப் பிடிக்காது, பல நாடுகளில் சட்டச் சிக்கலும் உண்டு. யார் எந்தக் கோப்பைத் திறந்தார் என்ற பதிவு போதும், அது இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியவும் வேண்டும். ஒவ்வொருவருக்கும் சிறு வித்தியாசத்தோடு ஆவணம் கொடுத்து, எந்தப் பிரதி கசிந்தது என்று கண்டுபிடிக்கும் தந்திரம் வேலை செய்யக்கூடும். ஆனால் அது ஒருமுறைதான். தெரிந்த பிறகு எல்லோரும் எல்லாவற்றிலும் பொறி இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்குவார்கள். நூறு பேர் நிறுவனத்தில் அந்த விலை அதிகம்.

மறுபக்கமும் உண்டு. அளவுக்கு மீறிப் பூட்டினாலும் நஷ்டம்தான். 2001 செப்டம்பர் தாக்குதலை ஆராய்ந்த அமெரிக்க ஆணையம், 2004இல் தந்த அறிக்கையில், உளவு அமைப்புகள் தங்களுக்குள் தகவலைப் பகிராததை ஒரு முக்கியக் குறையாகச் சுட்டியது. அந்தத் தாக்குதலுக்குப் பிந்தைய ஆண்டுகளில் பகிர்வு பரவலானது. 2010இல் ஈராக்கில் இருந்த ஒரு ராணுவ ஆய்வாளரால் இரண்டரை லட்சம் தூதரகச் செய்திகளை எடுக்க முடிந்தது. ஊசல் இப்படி இரண்டு பக்கமும் ஆடுவதை சிறு நிறுவனங்களிலும் காணலாம். ஒரு கசிவுக்குப் பிறகு எல்லாவற்றையும் மூடுவார்கள், ஆறு மாதத்தில் வேலை முடங்கி எல்லாவற்றையும் திறப்பார்கள். நீங்கள் இப்போது மூடும் கட்டத்தில் இருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

நடந்த இரண்டு கசிவுகளையும் விசாரிக்கும்போது, யார் என்பதில் தொடங்காமல் கோப்பின் பயணத்தில் தொடங்குங்கள்: எங்கே உருவானது, எத்தனை பிரதி, யாருக்கெல்லாம் போனது, எந்தப் பாதைக்குப் பதிவு இல்லை. தனிநபர் விவரம் வெளியே போயிருந்தால் அறிவிக்கும் கடமையும் இருக்கலாம்; ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிப்படி, பாதிப்புக்கு வாய்ப்பு இருந்தால், தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குச் சொல்ல வேண்டும். தவறுதலாக அனுப்பிவிட்டேன் என்று தானே வந்து சொன்னவரைத் தண்டிக்காதீர்கள். அவரைத் தண்டித்தால் அடுத்தவர் சொல்ல மாட்டார், அடுத்த முறை உங்களுக்கு 72 மணி நேரம்கூடக் கிடைக்காது.

மென்பொருள் கேள்விக்குக் கடைசியாக வருகிறேன். இப்போது வாங்க வேண்டியது இரண்டுதான்: பாஸ்வேர்டுகளைத் தாளிலும் சாட்டிலும் பகிர்வதை நிறுத்த ஒரு பாஸ்வேர்டு மேலாளர் (பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் மென்பொருள்), எல்லாக் கணக்குக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டுக்குப் பிறகு கைப்பேசிக்கு வரும் எண் போன்ற இன்னொரு சோதனை). மற்றவற்றை, மூன்று நிலைகளைப் பிரித்து, உரிமையாளர் பெயர்களை எழுதி, ஒருமுறை அனுமதிப் பட்டியல்களை வாசித்து முடித்த பிறகு பாருங்கள். அப்போது விற்பனையாளரிடம் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.